கவிழ்த்து வைத்த மூன்று ஜாடிகள்

‘டிங்’ என்றால் நல்ல மூடி. ‘டொக்’ என்றால் காற்றுப் புகுந்த மூடி. இந்த வித்தியாசம்கூடத் தெரியாத ஒருத்தியைக் கட்டிக்கொண்டு இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியதற்குத் தனக்குத் தனியாக ஒரு பென்ஷன் தரவேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், ஜன்னலுக்கு வெளியே வெள்ளைக்கோழி கீரைப்பாத்தியில் வந்து நின்றது.

“இன்ஸ்பெக்டர் வந்துட்டாங்க,” என்றார் அவர், கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைக்காமல். “நேத்து சாயங்காலம் வேலியைக் கட்டியாச்சு, இனிமே ஒரு ஈ காக்கா வெளிய வராதுன்னு யாரோ சொன்னாங்களே?”

“கட்டினேன். நல்லாத்தான் கட்டினேன்.”

“கட்டினது நீ. வெளிய நிக்கறது கோழி. நடுவுல நான் யாரைக் குத்தம் சொல்றது?”

“போய்ப் பிடிச்சு உள்ள விடுங்க. என் கையெல்லாம் தக்காளி.”

அவர் ஸ்பூனோடேயே போனார். கோழியைப் பிடிக்கப் போகிறவர் ஸ்பூனை எதற்கு எடுத்துக்கொண்டு போகிறார் என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பிறகு பல நாள் அவள் தொண்டையில் முள்ளாக நின்றது.

அவர் முப்பத்தொரு வருஷம் ரயில் கொட்டகையில் வேலை பார்த்தவர். பெட்டிகளின் சக்கரங்களை நீளக் கைப்பிடிச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். வருகிற சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரத்தில் விரிசல் என்று சொல்ல வேண்டும். கொட்டகையில் எல்லோரும் அவரைச் சுத்தியல்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற கையோடு ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலத்தோடு ஒரு பழைய வீட்டை வாங்கினார். தோட்டமும், விளைந்ததை ஜாடியில் அடைத்து வைக்கிற வேலையும் அவருடையது. கோழிகள் அவளுடையவை. மொத்தம் இருபத்து மூன்று. அதில் வெள்ளைக்கோழி ஒன்று கழுத்தை நீட்டி, ஒரு காலைத் தூக்கி, ஒவ்வொரு பாத்தியாகப் பார்வையிட்டபடி நடக்கும். அதனால் அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். அவளுக்கு அவர் வைத்த பெயர் கோழிக்காரி.

சுத்தியலின் இடத்தில் ஸ்பூன் வந்தது, அவ்வளவுதான். தக்காளியோ பீன்ஸோ, ஜாடியில் நிரப்பி, திருகு மூடி போட்டு, பெரிய அண்டாவில் தண்ணீருக்குள் முழுக்கிக் கொதிக்கவிடுவார். ஆறியபின் ஒவ்வொரு மூடியையும் ஸ்பூனால் ஒரு தட்டு. மூடிகள் கனமானவை; விரலால் அழுத்தினால் ஒன்றும் தெரியாது. காதுதான் சொல்ல வேண்டும். சந்தேகமான ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்து அலமாரியின் கீழ்த்தட்டில் வைப்பார். “காலைல பாரு. அழுதிருந்தா மண்ணுக்கு. அழலேன்னா மறுபடியும் அண்டாவுக்கு.” மூடி வழியே கசிவதைத்தான் அவர் அழுவது என்று சொல்வார். சத்தம் பிரிக்கத் தெரியாத கோழிக்காரிக்காகவே அந்த ஏற்பாடு. நேராக நிற்பதைத் தைரியமாக எடுக்கலாம், கவிழ்ந்திருப்பதைத் தொடக்கூடாது. பதினொரு வருஷமாக அந்த வீட்டில் இதற்கு மேல் ஒரு சட்டம் தேவைப்படவில்லை.

கோழியை உள்ளே விட்டுவிட்டு அவர் திரும்பி வந்தபோது முழங்காலுக்குக் கீழே ஒரு கீறல். விரல் நீளம்கூட இல்லை.

“என்ன ஆச்சு?”

“கம்பி.”

அவள் ஜன்னல் வழியே வேலியைப் பார்த்தாள். முந்தின நாள் சாயங்காலம் கம்பியை முறுக்கிக் கட்டியபோது, நீட்டிக்கொண்டிருந்த முனையை உள்பக்கமாக வளைத்துவிடவில்லை. அவர் எப்போதும் குறட்டால் மடக்கிவிடுவார். அவளுக்குக் குறடு கைக்கு அகப்படவில்லை. நாளைக்கு வளைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

“டாக்டர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்களேன். துருப்பிடிச்ச கம்பி.”

“அண்டா கொதிக்குது. பாதியில விட்டுட்டு எங்க போறது?” குழாயடியில் காலை நீட்டிக் கழுவினார். “இதுக்கெல்லாம் டாக்டர்கிட்ட போனா அவர் என்னைப் பாத்து சிரிப்பார். அப்புறம் உன்னைப் பாத்து அழுவார்.”

அன்று மொத்தம் நாற்பத்தொரு ஜாடி. “மூணு கவுந்துடுச்சு,” என்று சாயங்காலம் சொன்னார். “காலைல பாக்கலாம்.” மறுநாள் காலையில் அவருக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் கால் பானை மாதிரி வீங்கி ஆஸ்பத்திரி. ஐந்தாம் நாள் விஷம் ரத்தம் முழுக்கப் பரவிவிட்டது என்றார்கள். ஆறாம் நாள் அவர் இல்லை.

இரண்டு நாள் முன்னாடி கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். அவரைப் பார்த்து அவள் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அதன்பிறகு அவளுக்கு எல்லோர்மேலும் கோபம். வந்தவர்கள்மேல் கோபம், வராதவர்கள்மேல் கோபம். ‘ஒரு கோழிக்காகவா’ என்று உச்சுக் கொட்டிய அவருடைய பழைய ஃபோர்மேன்மேல் கோபம். ‘ரொம்பக் கஷ்டப்படாமப் போயிட்டார், அதுவே புண்ணியம்’ என்ற பக்கத்து வீட்டுக்காரியை வாசலோடு அனுப்பினாள். அவர்மேல்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய கோபம். சக்கரத்தில் மயிரிழை விரிசலைக் காதால் கண்டுபிடிக்கத் தெரிந்த மனுஷனுக்குத் தன் கால் எரிவது தெரியவில்லையா? கொதிக்கிற தக்காளியை விட்டுவிட்டுப் போனால் ராஜ்யம் கவிழ்ந்துவிடுமா?

வேலிக் கம்பியின் பக்கம் மட்டும் அவள் போகவில்லை. கோழிகளுக்குத் தீனியைக்கூட இந்தப் பக்கத்திலிருந்தே எறிந்தாள்.

வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிய பிறகு நாத்தனார் மட்டும் தங்கினாள். அவருடைய அக்கா. அவரைவிட இரண்டு வயது மூத்தவள், தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவள். சும்மா உட்கார்ந்தால் கைகால் நடுங்கும் ஜாதி. வீட்டிலிருந்த திரைச்சீலைகளையெல்லாம் துவைத்தாள். ஸ்பூன்களைப் பளபளக்கத் தேய்த்தாள். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் போட்டாள். அதையெல்லாம் கோழிக்காரி பொறுத்துக்கொண்டாள். பதினான்காம் நாள் காலையில் முட்டைக் கூடையோடு உள்ளே வந்தபோது ஸ்டோர் ரூம் கதவு திறந்திருந்தது.

அலமாரி கண்ணாடிக் கடை மாதிரி மின்னியது. ஜாடிகள் ஒவ்வொன்றும் துடைக்கப்பட்டு, பெரியது பின்னால் சிறியது முன்னால் என்று, சிப்பாய்கள் மாதிரி நின்றன. எல்லாம் நேராக. நாற்பத்தொன்றும் நேராக.

முட்டைக் கூடையை அவள் எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“அண்ணி!”

நாத்தனார் கையில் ஈரத்துணியோடு வந்தாள்.

“கீழ்த்தட்டுல கவுந்திருந்த ஜாடிங்க எங்க?”

“அதுவா? யாரோ கை தவறிக் கவுத்து வெச்சிருந்தாங்க. நேரா வெச்சுட்டேன். கீழ ஒரே பிசுபிசுப்பு, எறும்பு வேற. நல்லா அழுத்தித் துடைச்சேன்.”

“எது பிசுபிசுப்பு? எந்த ஜாடிக்குக் கீழ?”

“எந்த ஜாடின்னா? எல்லாம் ஒரே தக்காளிதானே.”

“எந்த ஜாடின்னு கேட்டேன்!”

“இப்படிக் கத்தினா எப்படிம்மா? சுத்தம் பண்ணினதுக்கா கத்தறே?”

“உங்களைச் சுத்தம் பண்ணச் சொன்னது யாரு? இந்த ரூமுக்குள்ள வர்றதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா? ஒரு வார்த்தை! அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வாயைத் தெறந்து, இது ஏன் கவுந்திருக்குன்னு கேக்க உங்களுக்கு ஒரு நிமிஷம் ஆகுமா?”

பிறகு அவள் கவிழ்த்து வைப்பதன் சட்டத்தைச் சொன்னாள். சொல்வதற்குள் மூன்று தடவை மூச்சு வாங்கியது. நாத்தனார் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“சரி, கொதிக்க வெச்சுச் சாப்பிட்டா எல்லாம் சரியாப் போயிடும்.”

“அவர்கிட்ட சொல்லியிருக்கணும் இதை. கொதிக்க வெச்சா எல்லாம் சரியாப் போயிடும்னா மொதல்ல உன்னைக் கொதிக்க வெக்கறேன்னு சொல்லியிருப்பார்.”

“சொல்லுவான், சொல்லுவான்,” என்றாள் நாத்தனார். முகம் கோணியது. “சின்னதுலேர்ந்தே அவன் வாய்க்கு ஒரு மூடி கெடையாது.”

சிரிப்பு வருகிற நேரம் அது இல்லை. அவள் பழைய கூடையை இழுத்து ஜாடிகளை அடுக்கத் தொடங்கினாள். அவர் கையால் அடைத்த கடைசி ஜாடிகள் அவை. அவர் விதைத்து, அவர் தண்ணீர் ஊற்றி, அவர் பறித்து, அவர் தோலுரித்த தக்காளி. வருஷம் பூராவும் இதை வைத்து ஓட்டிவிடலாம், வாரத்துக்கு ஒரு ஜாடி திறக்கலாம், திறக்கிற அன்றைக்கு அவர் வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும் என்று அவள் மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. இப்போது இதில் மூன்று விஷம். எந்த மூன்று என்று தெரியாது. ஆகவே நாற்பத்தொன்றும் விஷம்.

தோட்டத்தின் மூலையில் எருக்குழி. குழியருகே மண்டியிட்டு முதல் ஜாடியைத் திருகினாள். ‘ப்ஸ்’ என்று மூடி மூச்சு இழுத்தது. நல்ல ஜாடி. காற்றுப் புகாத ஜாடி திறக்கும்போது அப்படித்தான் ஒலிக்கும். திறந்தபின் அதைச் சத்தம் பிரிக்கத் தெரியாதவளாலும் கண்டுபிடிக்க முடியும். சிவப்பாக, கட்டியாக, வாசனையாக இருந்தது. அதைச் சட்டியில் ஊற்றி எடுத்துவைத்திருக்கலாம். ஆனால் கை நிற்கவில்லை. கொட்டினாள். இரண்டாவதும் ‘ப்ஸ்’. அதையும் கொட்டினாள். மூன்றாவதும் ‘ப்ஸ்’. வேலிக்குள்ளிருந்து கோழிகள் தலையைச் சாய்த்துப் பார்த்தன.

“பாக்காதீங்கடி!” என்று கத்தினாள். “உங்களாலதான் எல்லாம்! திங்கறதும் பேள்றதும் தவிர வேற என்ன தெரியும் உங்களுக்கு?”

நான்காவது ஜாடியை எடுத்தபோது நாத்தனாரின் கை வந்து அதைப் பிடித்தது. அந்தக் கையில் ஒரு ஸ்பூன்.

“விடுங்க அண்ணி.”

“நீ விடு. நல்லதையெல்லாம் குழியில கொட்டிட்டு யாரைப் பழி வாங்கறே? இங்க குடு.”

நாத்தனார் எருக்குழி ஓரத்தில், துவைத்து உடுத்திய புடவையோடு, சப்பணமிட்டு உட்கார்ந்தாள். ஜாடியை மடியில் வைத்தாள். ஒரு தட்டு. தலையைச் சாய்த்துக் கேட்டாள். அந்தச் சாய்ப்பு, அச்சு அசலாக அவர்.

“இது நல்லது. அடுத்தது குடு.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? எங்கப்பாவும் அந்தக் கொட்டகையிலதான் சக்கரம் தட்டினார். வீட்டுல டம்ளரைக் கவுத்து வெச்சுத் தட்டிப் பழக்குவார், எதுல கீறல்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லணும். உன் வீட்டுக்காரன் பத்துக்கு ஆறு. நான் பத்துக்குப் பத்து.” ஒரு தட்டு. “நல்லது. அவன் கொட்டகை வேலைப் பரீட்சைக்குப் போறதுக்கு முந்தின வாரம் பூரா நான்தான் உக்காத்தி வெச்சுச் சொல்லிக் குடுத்தேன். அவன் பாஸ் பண்ணினான். நானும் எழுதறேன்னு போனேன். பொம்பளைங்களுக்குத் தையல் மெஷின் இருக்கேம்மான்னு சிரிச்சாங்க.” ஒரு தட்டு. “நல்லது. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கலே.”

அவள் ஜாடிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். கூடையில் இருந்தது முடிந்ததும் மற்றதையும் அலமாரியிலிருந்து கொண்டு வந்தாள். நாத்தனார் தட்டினாள். நல்லது. நல்லது. பதினேழாவதில் கை நின்றது. மறுபடி தட்டினாள்.

“கேட்டியா?”

“எனக்கு எல்லாம் ஒண்ணுதான்.”

“உனக்குக் காதில்லேன்னு அவன் சொன்னது பொய்யில்லே.” நாத்தனார் அந்த ஜாடியைக் கவிழ்த்துப் புல்லில் வைத்தாள். “ஒண்ணு.”

இருபத்தாறாவதில் இரண்டாவது கிடைத்தது. வெயில் ஏறியது. அவளுடைய கோபம் கொஞ்சம் இறங்கி, இறங்கின இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. முப்பத்திரண்டாவது ஜாடியைத் துடைத்துக்கொண்டே நாத்தனார் பேசினாள்.

“எனக்கு உன்மேல ஒண்ணுமில்லேம்மா. அவன்மேலதான். ஆஸ்பத்திரியில, நீ மருந்து வாங்கப் போயிருந்தே, அப்ப கேட்டேன். எப்படிடா பட்டதுன்னு. நான் கட்டின வேலிதாங்கா, அவசரத்துல முனையை வளைக்காம விட்டுட்டேன், என் தப்புன்னான். அவ்வளவு ஜுரத்துலயும் அதை ரெண்டு தடவை சொன்னான். முப்பது வருஷம் அடுத்தவன் விரிசலைக் கண்டுபிடிச்சவன், தான் கட்டின கம்பியை வளைக்கலே பாரு. அதை நெனைக்கறப்பல்லாம் அவன் கன்னத்துல ஒண்ணு விடலாமான்னு வருது எனக்கு.”

அவள் கையில் இருந்த ஜாடி நழுவிப் புல்லில் உருண்டது. உடையவில்லை.

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். அவர் அப்படித்தான் ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தார். தப்பைத் தன் பேரில் எழுதி வைத்துவிட்டு, அவளை நேராக நிற்க வைத்துவிட்டுப் போயிருந்தார். யாரைக் கேட்டு? இத்தனை நாள் தன்னோடு படுத்து எழுந்த மனுஷன், கடைசிப் பேச்சில் தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் தன் தப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாரே என்று அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

“அவர் கட்டலே,” என்றாள். “நான்தான் கட்டினேன்.”

நாத்தனாரின் ஸ்பூன் நின்றது.

“முந்தின நாள் சாயங்காலம். குறடு கெடைக்கலே. நாளைக்கு வளைக்கலாம்னு விட்டேன். அவர் பொய் சொல்லியிருக்கார்.”

நாத்தனார் அவளைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த மூடியைப் பார்த்தாள்.

“ஒரு கம்பியை வளைக்க எவ்வளவு நேரம் ஆகும்?”

அவள் புல்லில் கிடந்த ஜாடியை எடுத்து மடியில் வைத்தாள்.

“ஒரு நிமிஷம் ஆகுமா?”

“ஆகாது.”

“இதை நீ என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது,” என்றாள் நாத்தனார். குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் தேவலை. “அவன்மேல கோவப்பட்டுக்கிட்டே நான் மிச்ச காலத்தை ஓட்டியிருப்பேன். செத்தவன் தாங்கிப்பான். இப்ப நான் எங்க போவேன்?”

“என்மேலயே கோவப்படுங்க. நான் எங்கயும் போகலே.”

“பட்டுத்தான் ஆகணும். நீ சொல்லித்தான் ஆகணும்னு இல்லே.”

ஆனால் அடுத்த ஜாடிக்காகக் கையை நீட்டினாள். அவள் கொடுத்தாள். நல்லது. நல்லது. கடைசிக்கு முந்தினதில் ஸ்பூன் இரண்டு தடவை தட்டியது. “மூணு,” என்றாள் நாத்தனார். முப்பத்தைந்து நல்ல ஜாடிகளையும் அலமாரியில் நேராக அடுக்கினார்கள். மூன்றைக் கவிழ்த்துக் கீழ்த்தட்டில் வைத்தார்கள்.

மறுநாள் காலை ஸ்டோர் ரூமில் போய்ப் பார்த்தாள். ஒன்றைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம். அழுதிருந்தது. மற்ற இரண்டும் அழவில்லை. இருந்தாலும் இத்தனை நாளாகிவிட்டது என்று மூன்றையுமே மண்ணுக்குக் கொடுத்தாள். அதற்குள் நாத்தனார் பையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். ஒரு ஜாடியை எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணி என்று அவள் நீட்டினாள். நாத்தனார் அதை வாங்கவில்லை; கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நகத்தால் மூடியில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“நல்லது,” என்றாள். “வெச்சுக்கோ. நான் இப்ப இதைத் தின்னா தொண்டையில எறங்காது. அடுத்த வருஷம் தக்காளி போட்டா சொல்லு. மூடி தட்ட ஆள் வேணுமில்லே? வருவேன். அதுவரைக்கும் ஃபோன் பண்ணாதே.”

பஸ் போகும்வரை அவள் நின்றாள். திரும்பி வந்து அவருடைய கருவிப் பெட்டியைத் திறந்தாள். குறடு மேலாகவே இருந்தது. எப்போதும் அங்கேதான் இருந்திருக்கும்.

பதினைந்து நாளில் முதல் தடவையாக வேலியின் அந்த மூலைக்குப் போனாள். முனை அப்படியே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குறட்டால் பிடித்து உள்பக்கம் மடக்கினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மடக்கியும் கோபம் அடங்காமல், அவள் கட்டியிருந்த கட்டையே பிரித்து மறுபடி முறுக்கினாள். மூச்சு இரைக்க முறுக்கினாள். இனி இந்த வழியில் ஒரு ஈ காக்கா போகட்டும் பார்க்கலாம் என்று எழுந்து கையைத் தட்டிக்கொண்டு திரும்பினாள்.

வெள்ளைக்கோழி கீரைப்பாத்தியில் நின்றுகொண்டிருந்தது.